நடையும் நடைப்பழக்கம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த நாடகக் கலைஞர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஆங்கிலேய நடிகர் அலெக் கின்னஸின் மேடை, திரை, நடை என்று மூன்றையும் பேச வந்திருக்கிறேன். "நடையும் நடைப்பழக்கம்" என்றாளே ஔவை, அங்கிருந்து தொடங்குவோம்.

1938இல் லண்டனின் ஓல்ட் விக் அரங்கில், இக்கால உடையில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டாக நின்றபோது அவருக்கு வயது 24. அங்கே பழகிய உடம்புதான் திரைக்கு வந்தது.

1949இல் வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' படத்தில் ஒரே குடும்பத்தின் எட்டுப் பேரும் அவரே. பாதிரியார், கடற்படைத் தளபதி, ஏன், ஒரு சீமாட்டியும்கூட! தேவாலயக் காட்சி ஒன்றில் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் தெரிகிறார்கள். கணினி இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் என்ன செய்தார்? கேமரா அசையாதிருக்கத் தனி மேடை. லென்ஸுக்கு முன்னால் ஆறு கண்ணாடிச் சன்னல்கள் வைத்த சட்டம்; ஆறிலும் கறுப்புப் பூச்சு. ஒரு சன்னலை மட்டும் திறந்து ஒரு வேடத்தை எடுப்பார். அதை மூடுவார். ஃபிலிமைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றுவார். கின்னஸ் வேடம் கலைத்து அடுத்த வேடம் போட்டு வரும்வரை அத்தனை பேரும் காத்திருப்பார்கள். பிறகு அடுத்த சன்னல். ஆறு முறையும் அதே ஃபிலிம், ஐயா! ஐந்தாவது வேடத்தில் யாராவது கேமராவை இடித்தால் முன்னே எடுத்த நாலும் பாழ். அதனால் ஸ்லோகோம் இரவில் ஸ்டுடியோவிலேயே கேமராவுக்குக் காவலாகப் படுத்துக்கொண்டார்.

முகத்தை ஒப்பனைக்காரர் மாற்றித் தருவார். தோளையும் காலையும் நடிகர்தான் மாற்ற வேண்டும். நடையும் நடைப்பழக்கம்!

இலங்கையின் கித்துல்கலையில் பாலம் கட்டி எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்', 1957. தண்டனைக்காக அடைத்த தகரக் கொட்டடியிலிருந்து வெளியே வரும் போர்க்கைதி கர்னல் நிக்கல்சனாகக் கின்னஸ், விறைப்பாக நடக்க முயன்று தள்ளாடுவார். இளம்பிள்ளை வாதத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த தம் மகனின் நடையைப் பார்த்து எடுத்துக்கொண்டது அது. அவருக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வந்ததும் இந்தப் படத்துக்கே.

நம் பள்ளி நாடகங்களில் வசனத்துக்கு ஒரு மாதம், தாடி மீசைக்குக் கடைசி நாள். நடைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. பழகாத செருப்போடு மேடையேறும் ராஜா தரையைப் பார்த்தே நடக்கிறார். தலைமையாசிரியர் அம்மா, வாரம் ஒரு பாடவேளை கொடுங்கள். முதல் வாரமே பாத்திரத்தின் செருப்பை மாட்டிக்கொண்டு, பத்து நிமிடம் பேசாமல் நடக்கட்டும். எடை குதிகாலிலா, முன்பாதத்திலா? பார்வை எங்கே? கிழவர் வேடத்துக்கு முதுகை வளைக்கச் சொல்லாதீர்கள்; அடியைச் சுருக்கி, திரும்பும்போது கழுத்தோடு தோளையும் சேர்த்துத் திருப்பச் சொல்லுங்கள். வசனம் மூன்றாம் வாரம் வரட்டும்.

நூலகர் அவர்களே, சனிக்கிழமை மாலைகளில் இந்த அரங்கின் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.