பத்துக்குப் பத்து

நேயர்களுக்கு வணக்கம்.

பாதி முடிந்த மேட்டித் துணி, அதாவது கட்டம் கட்டமாக நெய்த தையல் துணி ஒன்று பல வீடுகளின் பீரோவில் மடித்தபடியே கிடக்கும். எடுத்து விரித்தால் எந்த இடத்தில் விட்டோம், அடுத்து எந்த நிறம் என்று எதுவும் பிடிபடாது. தேடி முடிப்பதற்குள் கிடைத்த அரைமணி நேரம் போய்விடும். துணி பழையபடி உள்ளே போகும். அதனால் இன்று, கட்டத்துக்கு ஒன்றாகப் பெருக்கல் குறிபோல் போடும் கிராஸ் ஸ்டிட்ச் தையல் வேலையில் உட்கார்ந்ததும் ஊசியை ஓட்டத் தொடங்குவது எப்படி என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் வேலையின் அளவைக் கணக்குப் போட்டுவிடுங்கள். 140 கட்ட அகலம், 98 கட்ட உயரம் உள்ள ஒரு பூச்சாடிப் படம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் அது 10 அங்குலத்துக்கு 7 அங்குலம் வரும். சட்டம் போட நாலாபக்கமும் 3 அங்குலம் விட்டால், 16-க்கு 13 அங்குலத் துணி வேண்டும். வெட்டியதும் ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இழை பிரியும். அந்தப் படம் முழுவதும் நிரப்ப 13,720 தையல். பழகிய கை மணிக்கு ஏறத்தாழ நூறு போடும் என்றால், தினம் அரைமணி உட்கார்ந்து முடிக்க ஒன்பது மாதம் ஆகும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால், இரண்டாவது மாதத்தில் மனம் தளராது.

இப்போது பத்துக் கட்டக் கோடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் வரைபடத் தாளில் பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். அதே கோட்டைத் துணியிலும் நூலால் போட்டுவிட வேண்டும். ஐந்து கட்டம் மேலே, ஐந்து கட்டம் அடியில் என்று ஓட்டினால் எண்ணுவதும் எளிது. மெல்லிய மீன்பிடி நரம்பு இதற்கு நல்லது. பருத்தி நூல் என்றால் தைக்கும்போது ஊசி அதைக் குத்தி ஊடுருவிவிடும், பிறகு உருவ வராது. நரம்பு கடைசியில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

பலரும் தவறுவது ஓர் இடத்தில். துணியை நான்காக மடித்து நடுவைக் கண்டுபிடிக்கிறோம், சரி. அந்த மடிப்பிலேயே முதல் கோட்டைப் போட்டுவிடுகிறோம். நம் படத்தில் அகலத்தின் பாதி 70, அங்கே தடித்த கோடு இருக்கிறது. உயரத்தின் பாதியோ 49. தடித்த கோடு 50-இல். ஒரு கட்டம் தள்ளிப் போட வேண்டிய கோடு அது. மடிப்பிலேயே போட்டால், தாளும் துணியும் கடைசிவரை ஒத்துப்போகாது.

எதற்கு இவ்வளவு பாடு? கோடு இல்லாத துணியில் இடப்பக்கம் ஒரு பூ, வலப்பக்கம் ஓர் இலை என்று தனித்தனியே போவோம். நடுவில் காம்பு சேரும் இடத்தில்தான் ஒரு கட்டம் பிசகியது தெரியும். அதற்குள் ஆயிரம் தையல் போட்டிருப்போம். கோடு இருந்தால் பிசகு அந்தப் பத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மறுபடியும் சொல்கிறேன், பத்துக்குள்ளேயே. பிரிக்க வேண்டியதும் அவ்வளவுதான். எழுந்திருக்குமுன் தாளில் முடிந்த கட்டங்களைப் பென்சிலால் நிரப்பிவிட்டால், அடுத்த நாள் தேடவே வேண்டாம்.

நூல் பற்றிச் சுருக்கமாக. ஒரு நூல்கட்டில் 8 மீட்டர், ஆறு இழை. 14 கட்டத் துணிக்கு இரண்டு இழை போதும். 18 அங்குலத்துக்கு மேல் வெட்டாதீர்கள்; நீள நூல் துணியில் உரசிப் பஞ்சு பறக்கும், சிக்கு விழும். முனை மழுங்கிய 24-ஆம் எண் ஊசி. முடிச்சு வேண்டாம், சட்டம் போட்டால் முன்னால் புடைக்கும். பின்புறம் நாலைந்து தையலுக்கு அடியில் நூலை ஓட்டுங்கள். மேலே வரும் சாய்வு எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் இருக்கட்டும், மாறினால் வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். அன்றைய வேலை முடிந்ததும், துணியை விறைப்பாகப் பிடிக்க மாட்டிய வளையத்தைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது ஒட்டுத்துணிப் போர்வை. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி. மூன்றும் நகராமலிருக்க நான்கு அங்குலத்துக்கு ஒரு வரிசையாகத் தற்காலிகமாக நூலோட்டிக்கொண்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைப்பது வழக்கம். ஓரத்தில் தொடங்கினால் துணி நடுவில் குமிழாகச் சேர்ந்துவிடும். வளையத்தில் துணியை விறைப்பாக இழுக்க வேண்டாம். கொஞ்சம் தொய்வு இருந்தால்தான் ஊசியை மேலும் கீழும் ஆட்டி மூன்று நான்கு தையலை ஒன்றாக எடுக்க முடியும். தையல் சிறிதாக இருப்பதைவிட ஒரே அளவில் இருப்பதுதான் கண்ணுக்கு அழகு. தொடக்கத்தில் அங்குலத்துக்கு ஆறு வந்தாலே நல்ல வேலை.

இதற்கு நேர்மாறான முறை ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி என்னும் சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வை. பழைய புடவையை அடியில் விரித்து, ஓரத்தை மடித்து, மூலையிலிருந்து ஒட்டுத்துணிகளை வைத்து வைத்து ஓடுதையல் போட்டபடியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். ஒட்டுத்துணி அப்போதைக்கப்போது சேர்வதால் ஓரத்தில் தொடங்கினாலும் கை பழகியவர்களுக்குக் குமிழ் விழுவதில்லை. மற்றப் போர்வைகள் பெரும்பாலும் கடைசிக் கரை கட்டும் வேலையில்தான் தேங்கிப்போகும். கவந்தியில் கரைதான் முதல் வேலை. மடியில் வைத்தே தைக்கலாம், வளையமும் வேண்டாம்.

துவைப்பது பற்றி நிறையச் சொல்ல இருந்தது, நேரம் நெருங்கிவிட்டது. இரண்டை மட்டும் சொல்கிறேன். நீரில் அழியும் பேனாவால் குறி போட்டிருந்தால், இஸ்திரி போடுமுன் குளிர்ந்த நீரில் அலசிவிடுங்கள். சூடு பட்டால் கோடு துணியிலேயே நின்றுவிடும். சிவப்பு நூல் சாயம் விட்டால் காயவிடாதீர்கள். நீர் தெளியும்வரை குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி அலசுங்கள். வணக்கம்.