வேய்ன் ஷார்ட்டர்: அடுத்தவர் இசைக்குழுவுல வாழ்ந்த ராஜா

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, இந்த வெயில்ல அதை நிறுத்துற தைரியம் எனக்கு இல்ல.

இன்னிக்கு ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் வேய்ன் ஷார்ட்டர் பத்திப் பேசப்போறேன். ஜாஸ் சாக்ஸஃபோன்னாலே சார்லி பார்க்கர், ஜான் கோல்ட்ரேன், அதோட பேச்சு முடிஞ்சிருது. ரெண்டு பேரும் மகா கலைஞர்கள், சந்தேகமே இல்ல. ஆனா ஹார்ட் பாப் (ப்ளூஸ் வாசனை தூக்கலான ஜாஸ்), ஃப்யூஷன் (ராக்கும் எலக்ட்ரிக் வாத்தியங்களும் கலந்த ஜாஸ்), அதுக்கப்புறம் வந்ததுன்னு ஜாஸோட ஒவ்வொரு திருப்பத்துலயும் உள்ள உக்காந்திருந்த மனுஷன் வேய்ன்தான். அதுவும் பாதி வாழ்க்கை அடுத்தவங்க தலைமையில.

1933-ல நியூ ஜெர்சி மாகாணம் நியூவர்க்ல பிறந்தாரு. வாத்தியப் பெட்டி மேல 'மிஸ்டர் வியர்ட்'னு எழுதி வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச பையன். நியூயார்க் யூனிவர்சிட்டில இசைப் படிப்பு, அப்புறம் ராணுவம், அப்புறம் டிரம்பெட் கலைஞர் மேனார்ட் ஃபெர்குசனோட பிக் பேண்ட், அதாவது பெரிய ஜாஸ் குழு. அங்க வியன்னாவுல இருந்து வந்த ஜோ ஸாவினுல்ங்கிற பியானோக்காரரோட பழக்கமாகுது. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவாரு.

1959-ல ஆர்ட் பிளேக்கியோட 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' குழுவுல சேர்றாரு. பிளேக்கி டிரம்மர், பின்னாடி இருந்து அடிச்சு நொறுக்குவாரு. முன்னாடி ஊதுறவன் சோம்பேறியா இருக்கவே முடியாது. அங்க வேய்ன் மியூசிக் டைரக்டரே ஆயிட்டாரு. அவர் ஊதினதை விட எழுதினதுதான் அந்த பேண்டோட முகத்தை மாத்துச்சுன்னு நான் சொல்லுவேன்.

1964-ல டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோட பேண்டுக்குப் போறாரு. அங்க பியானோவுல ஹெர்பி ஹான்காக், பேஸ்ல ரான் கார்ட்டர், அப்புறம் டிரம்ஸ்ல டோனி வில்லியம்ஸ், அப்ப அவருக்கு வயசு 18. அந்த ஒரே வருஷத்துல தன் பேர்ல ப்ளூ நோட் ரெக்கார்டு கம்பெனிக்கு மூணு ஆல்பம் வேற பதிவு பண்றாரு. மூணாவது 'ஸ்பீக் நோ ஈவில்', டிசம்பர் 24-ம் தேதி பதிவானது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்! மைல்ஸ் யாரு என்ன எழுதிட்டு வந்தாலும் வெட்டி ஒட்டி மாத்துற ஆளு. வேய்ன் எழுதினதை மட்டும் பெரும்பாலும் அப்படியே விட்டுருவாருன்னு ஹெர்பியே சொல்லியிருக்காரு.

மைல்ஸ் பேண்டுக்கு வேய்ன் எழுதின 'நெஃபர்டீட்டி' பாட்டைக் கேட்டிருக்கீங்களா? 1967. வழக்கமா முதல்ல மெட்டு, அப்புறம் ஒவ்வொருத்தரும் சோலோ (தனியா கற்பனையா வாசிக்கிறது), திரும்ப மெட்டு, அதானே? இதுல டிரம்பெட்டும் சாக்ஸும் மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டே இருக்கும், சோலோவே கிடையாது. அடியில டிரம்ஸ்தான் கொதிச்சுக்கிட்டே இருக்கும். யாரைக் கவனிக்கிறதுங்கிற கணக்கையே தலைகீழாப் போட்டுட்டாங்க. நல்ல சாக்ஸஃபோன்காரன் எழுதின பாட்டுல சாக்ஸஃபோனுக்கு சோலோ இல்ல பாருங்க, அந்தத் தைரியம்தான் எனக்குப் பிடிச்சது.

1969-ல மைல்ஸ் எலக்ட்ரிக் வாத்தியங்கள் பக்கம் சாயுறப்ப, வேய்ன் வழக்கமா ஊதுற டெனர் சாக்ஸோட, அதை விடச் சுதி கூடின சொப்ரானோ சாக்ஸையும் எடுக்குறாரு. வளையாம நேரா இருக்கும், நாதஸ்வரத்தோட தம்பின்னு வெச்சுக்கோங்க. கீபோர்டு, எலக்ட்ரிக் கிட்டார் இரைச்சலுக்கு மேல அந்தக் குரல் தனியா ஏறி நிக்கும்.

அடுத்து, நான் சொன்ன ஸாவினுல். ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச ஃப்யூஷன் பேண்டுதான் 'வெதர் ரிப்போர்ட்'. பேஸ் வாசிக்கிற மிரோஸ்லாவ் விட்டூஸும் ஆரம்பத்துல கூட இருந்தாரு. 1971-ல முதல் ஆல்பம். பிறகு பேஸ் கிட்டார்ல ஜாக்கோ பஸ்டோரியஸ் வந்தாரு, 1977-ல 'ஹெவி வெதர்' பெரிய ஹிட்டு. இங்கதான் பழைய ரசிகர்களுக்குக் கோவம். வேய்னைக் காணோமே, ஸாவினுல் கீபோர்டு எல்லாத்தையும் முழுங்கிடுச்சேன்னு. அது பாதிதான் நியாயம். அந்த ஆல்பத்துலயே ரெண்டு பாட்டு வேய்ன் எழுதினது. மத்ததுல நாலு சுரம் ஊதுவாரு, நிறுத்துவாரு. அந்த நாலையும் எடுத்துட்டுக் கேட்டுப் பாருங்க, பாட்டு மொட்டையா நிக்கும். ஆனா எண்பதுகள்ல வந்த வெதர் ரிப்போர்ட் ஆல்பங்கள் சிலது எனக்கும் அலுப்புதான், ஒத்துக்கிறேன்.

அதே காலத்துல வெளியிலயும் திரியுறாரு. பிரேசில் பாடகர் மில்ட்டன் நசிமென்ட்டோவோட 'நேட்டிவ் டான்சர்', பாடகி ஜோனி மிட்செலோட ஆல்பங்கள், அப்புறம் ஸ்டீலி டான்ங்கிற ராக் குழுவோட 'ஏஜா' பாட்டுல ஒரு சோலோ. ராக் ரசிகர்கள் பல பேருக்கு வேய்ன் அறிமுகமானதே அந்த சோலோவாலதான்.

1996-ல நியூயார்க் பக்கத்துல விழுந்த டி.டபிள்யு.ஏ. 800 விமானத்துல அவர் மனைவியும் இறந்துட்டாங்க. வேய்ன் புத்த மதத்தைப் பின்பத்தினவரு. ஓய்ஞ்சு உக்காரல.

2000-ல, 67 வயசுக்குப் பக்கத்துல, தன் பேர்ல ஒரு குவார்டெட், அதாவது நாலு பேர் குழு: அவரோட பியானோவுல டேனிலோ பெரெஸ், பேஸ்ல ஜான் பட்டிட்டூச்சி, டிரம்ஸ்ல பிரையன் பிளேட். எலக்ட்ரிக் எதுவும் இல்ல. பாட்டு எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தெரியாது, ஒருத்தர் போடுற துண்டை இன்னொருத்தர் எடுத்துக்குவாரு. இத்தனை தலைவர்கள்கிட்ட இருந்த மனுஷன், தான் தலைவரானதும் கட்டளையே போடாத பேண்ட் ஒண்ணை வெச்சுக்கிட்டாரு. அப்புறம் பாடகியும் பேஸ் கலைஞருமான எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங்கோட சேர்ந்து 'இஃபிஜினியா'ங்கிற ஓபராவே (பாட்டாவே நடக்குற நாடகம்) எழுதினாரு, 2021-ல மேடை ஏறுச்சு. 2023 மார்ச்ல 89 வயசுல காலமானாரு.

சரி, எங்க ஆரம்பிக்கிறது? 'ஃபுட்பிரிண்ட்ஸ்'னு அவரோட ஒரே பாட்டை மூணு இடத்துல கேளுங்க. 1966-ல அவரோட சொந்த ஆல்பம் 'ஆடம்ஸ் ஆப்பிள்', அதே வருஷம் மைல்ஸ் பேண்டோட பதிவான 'மைல்ஸ் ஸ்மைல்ஸ்', அப்புறம் அவரோட குவார்டெட்டோட 2002-ல வந்த 'ஃபுட்பிரிண்ட்ஸ் லைவ்'. முதல்ல மெட்டு தெளிவா இருக்கும், ரெண்டாவதுல டோனி வில்லியம்ஸ் தாளத்தைப் புரட்டிப் புரட்டிப் போடுவாரு, மூணாவதுல மெட்டு எங்கன்னு நீங்களே தேடணும். போன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க, பேஸ் சுத்தமா காணாமப் போயிடும்.