டி டிரைவ் எங்கே? புதிய இயங்குதளம் பழகுவோருக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியை என்ன செய்வது என்ற கேள்வி பலருக்கு எழுந்திருக்கிறது. அதற்கு ஒரு விடை லினக்ஸ் என்ற இயங்குதளம். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, சுற்றி வளர்ந்த உபுண்டு, மின்ட், டெபியன் முதலிய லினக்ஸ் வகைகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதத்தில் மட்டும் தொடக்கத்திலேயே இறங்கிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வரும்போது கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பதுதான் முக்கியம்.

பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைப் பழக வேண்டும் என்பதில்லை. உபுண்டு, மின்ட் போன்றவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே தொடங்கி, வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். அப்போது செய்யும் மாற்றங்கள் கணினியை அணைத்ததும் பொதுவாக மறைந்துவிடும். நிறுவுவது என்று முடிவு செய்துவிட்டால், அதற்கு முன் உங்கள் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

இனி, எங்கே பேசப் போனாலும் நான் விடாமல் சொல்லுகிற ஒன்றுக்கு வருகிறேன். புதிய தளத்தில் முதலில் பழக வேண்டியது கட்டளைகளும் அல்ல, திரையின் அழகும் அல்ல. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதுதான். கணக்காளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், லினக்ஸ் நிறுவிய அன்றே தொலைபேசியில் அழைத்து, "எல்லாம் போய்விட்டது, டி டிரைவையே காணவில்லை" என்றார். எதுவும் போகவில்லை. லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகளே கிடையாது. ஒரு சாய்கோட்டால் குறிக்கப்படும் ஒரே வேரிலிருந்து எல்லாக் கோப்புறைகளும் கிளைக்கின்றன, செருகிய பென் டிரைவும் அந்த மரத்திலேயே இன்னொரு கிளையாகச் சேர்ந்துகொள்கிறது. நண்பருடைய டி டிரைவுக்கு அவர் பெயர் எதுவும் வைக்காததால், அது கோப்பு மேலாளரின் பக்கப் பட்டியலில் தன் கொள்ளளவையே பெயராகச் சூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சொடுக்கினார், திறந்தது. பின்னர் ஒரு நாள், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் எப்படி இருக்க முடியும் என்று கேட்டார். ஒன்றின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியது, மற்றொன்று சிறிய எழுத்தில். லினக்ஸுக்கு இவை வெவ்வேறு பெயர்கள். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்திருக்கும் என்பதை, நல்லவேளையாக, அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

ஆகவே இப்படிப் பழகுங்கள். ஒரு கடிதம் எழுதிச் சேமியுங்கள், மூடிவிடுங்கள், அண்மையில் திறந்தவை என்ற பட்டியலை நாடாமல், ஹோம் என்ற கோப்புறையில் உங்கள் பெயருக்குள் சென்று, அதே கடிதத்தை நீங்களே கண்டுபிடித்துத் திறங்கள், பென் டிரைவுக்கு நகலெடுங்கள், முறைப்படி வெளியேற்றிய பிறகே அதை உருவுங்கள். மறுநாளும் இதையே செய்யுங்கள். கோப்பு இருக்கும் இடம் தெரிந்துவிட்டால், பயத்தில் பாதி அதோடு போய்விடும்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் சாளரமான டெர்மினலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். மேன் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டுக் கட்டளையின் பெயரை இட்டால் அதன் கையேடு திறக்கும். கியூ விசையை அழுத்தினால் மூடும். பெயரில் சில எழுத்துகளை இட்டு டேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்ப முயலும். ஆர்எம் கட்டளையால் நீக்கியது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, அப்படியே போய்விடும். சூடோ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கும் சொல்; அதில் தொடங்கும் எதையும், அது என்ன செய்யும் என்று தெரியாமல் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். மென்பொருள்களை, கூடியவரை, அந்தத் தளத்தின் மென்பொருள் மேலாளரிலிருந்தே நிறுவுங்கள். வணக்கம்.