வருகிறவனுக்கு ஏணி, போகிறவனுக்குச் சுவர்

நடுவர் அவர்களுக்கும், டெக்சாஸ் வெயிலைப் பொருட்படுத்தாமல் பட்டுச்சேலையில் வந்திருக்கும் தாய்மார்களுக்கும், பின்கதவு வழியாக வரும் பிரியாணி வாசனையையே பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். எட்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். வணக்கத்துக்கு இதற்கு மேல் செலவழிக்க எனக்கு வசதியில்லை.

சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு அமெரிக்க-மெக்சிகோ எல்லைச் சுவர் தீர்வாகுமா? ஆகாது என்பது எங்கள் அணி. எந்த அணி என்று முந்தாநாள்தான் சொன்னார்கள். சொன்ன நிமிடத்திலிருந்து அதுவே என் வாழ்நாள் கொள்கை.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "ஆகாது என்று பேசப் போகிறாரே, இவர் வீட்டைச் சுற்றி வேலி இல்லையா? இரவில் கதவைத் திறந்துபோட்டுவிட்டா தூங்குகிறார்?" அரங்கம் அதிர்ந்தது. என் மனைவியும் கைதட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணே, இருக்கிறது. ஆறடி உயர மரவேலி. உங்கள் வீட்டிலும் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். அதைப் போட்டது யார்? காலை ஏழு மணிக்கு ஒரு பிக்கப் வண்டியில் நான்கு பேர் வந்து இறங்குகிறார்கள். நூறு டிகிரி வெயிலில் குழி தோண்டுகிறார்கள், சாயங்காலம் வேலி எழுந்து நிற்கிறது. நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், பணம் கொடுத்தேன். பாஸ்போர்ட்டைக் காட்டு என்று கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்களா, அண்ணே? சிரிக்கிறார். கேட்கவில்லை!

நம் வீட்டு வேலியை விடுங்கள், நாட்டு வேலிக்கு வாருங்கள். கலிபோர்னியாவில் கோல்டன் ஸ்டேட் ஃபென்ஸ் என்று ஒரு வேலி நிறுவனம். 1990களில் சான் டியாகோ எல்லையில் வேலி போட்ட நிறுவனங்களில் அதுவும் ஒன்று. 2006இல் அதற்கு அபராதம், சுமார் ஐம்பது லட்சம் டாலர். வேலி சாய்ந்துவிட்டதா? இல்லை. கம்பி திருடினார்களா? இல்லை. அனுமதி இல்லாமல் குடியேறியவர்களை வேலைக்கு வைத்திருந்தார்கள்! நடுவர் அவர்களே, நாட்டின் எல்லையை அடைக்க ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலேயே எல்லை தாண்டி வந்தவர்கள் இருந்தார்கள். உள்ளே வேலை கொடுக்க ஆள் இருக்கும்வரை, வெளியே வேலி போட்டு என்ன பயன்? கேள்வி கேட்ட அண்ணன் இப்போது தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார், யாராவது எடுத்துக் கொடுங்கள்.

இன்னொரு சம்பவம். 2012 அக்டோபர், அரிசோனாவின் யூமா நகருக்குப் பக்கத்து மணல்மேடுகள். அங்கே பதினான்கு அடி உயர இரும்பு வேலி. கடத்தல்காரர்கள் என்ன செய்தார்கள்? ஏறினார்களா? தோண்டினார்களா? அதெல்லாம் ஏழைகள் செய்கிற வேலை. இவர்கள் சாய்தளம் வைத்து, வேலி மேலேயே ஒரு ஜீப்பை ஓட்டினார்கள். ஓட்டியவர்கள் கணக்கில் கொஞ்சம் வீக். ஜீப் உச்சிக்குப் போனது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எல்லைக் காவலர்கள் வந்தார்கள். ஆட்கள் மெக்சிகோ பக்கம் ஓடிவிட்டார்கள். வேலிக்கு மேல் ஜீப் மட்டும்.

நடுவர் சிரிப்பதால் இன்னொரு முறை சொல்கிறேன். ஐயா, கற்பனை செய்து பாருங்கள். கோடிக்கணக்கான டாலர் செலவில் ஒரு வேலி. அதன் உச்சியில், கோபுரக் கலசம் மாதிரி, ஒரு ஜீப்! பாதி ஜீப் அமெரிக்காவில், பாதி ஜீப் மெக்சிகோவில். அதற்கு எந்த நாட்டு விசா? எந்த ஊரில் இன்சூரன்ஸ்? காவலர் அபராதச் சீட்டு எழுதினால் என்ன குற்றம் என்று எழுதுவார், 'நோ பார்க்கிங்' என்றா? எதிரணி சொல்லலாம், "பார்த்தீர்களா, ஜீப் மாட்டிக்கொண்டது, வேலி வென்றது" என்று. நான் கேட்கிறேன், மாட்டிக்கொள்ளாத ஜீப்பை யார் படம் எடுத்தார்கள்?

ஐம்பது அடிச் சுவரைக் காட்டுங்கள், ஐம்பத்தொரு அடி ஏணியைக் காட்டுகிறேன் என்றார் அரிசோனாவின் ஆளுநராக இருந்த ஜேனட் நபோலிடானோ. அவர் சுவருக்கு அடியில் தோண்டும் சுரங்கப்பாதையை விட்டுவிட்டார். 2020இல் சான் டியாகோவில் வெளிச்சத்துக்கு வந்த சுரங்கம் 1,300 மீட்டருக்கு மேல். உள்ளே தண்டவாளம், காற்றோட்டம், லிஃப்ட். நான் வாடகைக்கு இருந்த முதல் அபார்ட்மென்ட்டில் லிஃப்ட் கிடையாது.

புள்ளிவிவரம் கேட்பார்கள், ஒன்று சொல்லிவிடுகிறேன். 1992இல் சான் டியாகோ பகுதியில் எல்லை தாண்டிப் பிடிபட்டது ஐந்தரை லட்சத்துக்கு மேல். வேலியும் காவலும் இறுகிய பின் 2000இல் ஒன்றரை லட்சம். வெற்றி! ஆனால் அதே 2000இல் பக்கத்து அரிசோனாவின் துசான் பகுதியில் ஆறு லட்சத்தைத் தாண்டியது. ஆள் நிற்கவில்லை, பாதைதான் பாலைவனத்துக்கு மாறியது. எல்லை தாண்டும் வழியில் நேர்ந்தவை என்று 1998 முதல் எல்லைக் காவல் படையே எண்ணிய மரணங்கள் எட்டாயிரத்துக்கு மேல். எதிரணித் தம்பி இஸ்ரேல், எகிப்து எல்லை வேலியைக் காட்டினார். அங்கே வரத்து குறைந்தது உண்மை. தம்பி, அது சுமார் 245 கிலோமீட்டர், இது 3,100க்கு மேல். அதைப் பற்றி விரிவாகப் பேசலாம், ஆனால் நடுவரின் கை மணியை நோக்கிப் போகிறது.

இன்னொன்று. இங்கே ஆவணமில்லாமல் இருப்பவர்களில் கணிசமானவர்கள் சுவர்ப் பக்கமே வராதவர்கள். முறையாக விசா வாங்கி, விமானத்தில் வந்து, காலம் முடிந்த பின்னும் தங்கிவிட்டவர்கள். சுவரை அவர்கள் ஜன்னல் ஓர இருக்கையிலிருந்துதான் பார்த்திருப்பார்கள்.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. மெக்சிகோ கிராமங்களில் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி கண்டது இது. முன்பெல்லாம் ஆண்கள் அறுவடைக்கு வருவார்கள், சம்பாதிப்பார்கள், ஊருக்குத் திரும்பிப் போவார்கள். எல்லை இறுகியது. ஒரு முறை போனால் மறுபடி வர முடியாது, எல்லை தாண்டவைக்கும் தரகனுக்குக் கூலியும் ஏறிவிட்டது. அதனால் போவதை நிறுத்தினார்கள். மனைவி மக்களை இங்கே வரவழைத்தார்கள். வருகிறவனுக்கு ஏணி இருக்கிறது. சுவர் தடுத்தது ஊருக்குப் போகிறவனைத்தான்!

சான் டியாகோவுக்கும் மெக்சிகோவின் திஹுவானாவுக்கும் நடுவில் கடலோரமாக ஒரு பூங்கா. பெயர் நட்புப் பூங்கா. 1971இல் அதைத் தொடங்கி வைத்தவர் அதிபர் நிக்சனின் மனைவி. இங்கே வேலி ரொம்ப நாள் இருக்காது என்று நம்புகிறேன் என்றார் அந்த அம்மா. வேலி போகவில்லை, இரட்டை ஆனது. அங்கே போட்ட கம்பிவலை எவ்வளவு நெருக்கமாக இருந்தது தெரியுமா? சுண்டு விரல் நுனி மட்டும்தான் நுழைந்தது. பல வருடம் பிள்ளையைப் பார்க்காத தாய் அந்தப் பக்கம், மகன் இந்தப் பக்கம். இரண்டு சுண்டு விரல் நுனிகள் தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான்.

அது மெக்சிகோக்காரர் கதை என்று சாய்ந்து உட்காராதீர்கள். இந்த அரங்கத்தில் எல்லோரும் முறையாக வந்தவர்கள், வரி கட்டுகிறவர்கள். ஆனால் ஊருக்குப் போனால் விசா முத்திரை கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்து, அப்பாவின் கடைசிக் காரியத்தை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். படம் நடுவில் நின்றுவிட்டது, "கேட்கிறதா, கேட்கிறதா" என்று இங்கிருந்து கத்தினீர்கள். அங்கே உங்கள் தம்பி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொள்ளி வைத்தான். உங்களைத் தடுத்து நிறுத்தியது எத்தனை அடிச் சுவர்?

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. எதிரணி அண்ணன் எழுந்து, இதற்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார். தாராளமாகக் கேட்கட்டும். அதை என்னிடம் கேட்க வேண்டாம், மூன்றாவது வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரே, அந்த அக்காவிடம் போய்க் கேட்கட்டும். வணக்கம்.