ஒரு ஓட்டு, ஒரு புள்ளி

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெரியோர்களே, வணக்கம்.

ஓட்டுப் போட வாருங்கள் என்று மக்களை அழைக்க எந்த வாதம் சரி? ஒரு ஓட்டு முடிவையே மாற்றும் என்பதா, ஒரு ஓட்டு நம்மைக் கணக்கில் சேர்க்கும் என்பதா? இதுதான் தலைப்பு. நான் இரண்டாவது அணிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் நன்றாகப் பேசினார். 2004இல் கர்நாடகத்துச் சாந்தேமரஹள்ளியில் ஒரே ஓட்டில் ஒருவர் தோற்றார், 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவிலும் அப்படியே என்றார். இரண்டும் நடந்தவைதான். ஆனால் அப்படி நடப்பது அத்தனை அபூர்வம் என்பதால்தானே அந்த ஊர்ப் பெயர்கள் நமக்கு மனப்பாடமாக இருக்கின்றன? நம்ம சிவகங்கையில் 2009 நாடாளுமன்றத் தேர்தலில் வித்தியாசம் 3,354 ஓட்டு. அதையே மயிரிழை என்று பேசினோம். 2024 தேர்தலில் இங்கே வாக்காளர்கள் 15 லட்சத்துக்கு மேல். கல்லூரியில் படிக்கிற என் மகனிடம் "உன் ஒரு ஓட்டில்தான் இருக்கு" என்றேன். "நான் போகாட்டியும் முடிவு இதேதாம்மா" என்றான். அவன் கணக்கு சரி. நிற்காத வாதத்தைச் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிப்போனால், ஓட்டு எண்ணுகிற அன்றைக்கே அது அவனுக்குத் தெரிந்துபோகும். அடுத்த தேர்தலுக்கு வருவானா?

குடவோலையையும் அண்ணன் சொன்னார். உத்திரமேரூரில் குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுத்தது ஒரு சிறுவன். அது குலுக்கல். வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவர் பெயர் ஓலையில் ஏறவே ஏறாது. பெருமைப்படலாம். ஓட்டுக்கு உதாரணமாகாது.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நான் நகரத்தார் வீட்டுப் பெண். எங்களில் கல்யாணம் ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து கோவிலில் ஒரு புள்ளி. பிள்ளையார்பட்டியோ இளையாத்தங்குடியோ, எந்தக் கோவிலோ அந்தக் கோவிலுக்குப் புள்ளி வரி கட்டுகிறோம். என் ஒரு வரியில்தான் கோபுரம் நிற்கிறது என்று நினைத்தா கட்டுகிறோம்? ஏட்டில் நாமும் ஒரு புள்ளியாக இருக்க வேண்டும், அதற்காகக் கட்டுகிறோம்.

எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. வாருகால் உடைந்து தண்ணீர் தேங்குகிறது என்று மனு எடுத்துக்கொண்டு போனோம். வாங்கியவர் பிரிக்கவே இல்லை. "அந்தத் தெருவுல எத்தனை ஓட்டு விழும் ஆச்சி?" என்றார். மனு கொடுக்க வந்தவரிடம் அப்படிக் கேட்டது தப்பு. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கொதிக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை அவரால் எப்படிக் கேட்க முடிந்தது என்று யோசித்தேன். வாக்குச்சாவடியில் கட்சி ஏஜெண்டுகள் வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர் பெயரை ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறார்கள். யாருக்குப் போட்டோம் என்பது ரகசியம். போனோமா இல்லையா என்பது ரகசியமே இல்லை. அப்புறம் படிவம் 20 என்று ஒன்று வரும். எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை விழுந்தது என்று அதில் வரிசையாக இருக்கும். நாம் போட்டவர் தோற்றாலும் நம் ஓட்டு அந்தத் தாளில் உண்டு. யாரையும் பிடிக்கவில்லையா? 2013 முதல் நோட்டா இருக்கிறது, அதுவும் ஒரு எண்ணாக ஏறும். வீட்டில் உட்கார்ந்திருந்தவர் கோபம் எந்தத் தாளில் ஏறும்?

இன்னொன்று. கோவிலில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் ஒரு புள்ளி. வாக்காளர் பட்டியலில் எனக்கென்று தனி இடம், தனி எண். இது சும்மா வந்ததில்லை. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார். கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் ஓட்டில்லாமல் போனார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

போன தேர்தலுக்கு எங்கள் அப்பத்தாவைக் கூட்டிப்போனேன். 84 வயது. பள்ளிக்கூடத்து வாசற்படியில் ஒரு கையில் கம்பு, ஒரு கையில் என் தோள். உள்ளே முதல் மேசையில் இருந்த அதிகாரி, ஏஜெண்டுகளுக்குக் கேட்கட்டும் என்று எண்ணையும் பெயரையும் உரக்க வாசித்தார். அப்பத்தா சட்டென்று நிமிர்ந்தது. இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, ஓட்டுப் போட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மை காயட்டும் என்று விரலை நீட்டிக்கொண்டே சொன்னது:

"கல்யாணம் ஆனதுலேருந்து எல்லாரும் என்னை இன்னார் வீட்டு ஆச்சின்னுதான் சொல்றாக. அந்த ரூம்புலதான் ஆத்தா, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக."