நாலு பேரும் போய்விட்டார்கள்: ஹானர் மோட், இரண்டாம் முயற்சி

வணக்கம் மக்களே. கண்ணைப் பார்த்தாலே தெரியும், நேற்று இரவு 2 மணி வரை தூங்கவில்லை. ஆனால் இது சந்தோஷத்தில் தூங்காத கண். போன வாரத்துக் கண் வேறு, அதை நான் படம் பிடிக்கவே இல்லை.

போன வீடியோவில் என்ன சொன்னேன்? "பால்டர்ஸ் கேட் 3-இல் ஹானர் மோட் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை." இந்தக் கையை இப்படி வீசிக்கொண்டு சொன்னேன். அதற்கு மூன்றாம் நாள் கேமில் என் குழுவில் எல்லாரும் செத்துப்போனார்கள். 17 மணி நேரம். எண்ணிப் பார்த்தேன், 17. அதில் குறைந்தது 2 மணி நேரம் நான் பெட்டி பெட்டியாகத் திறந்து வெங்காயம் பொறுக்கியதுதான். அதுவும் போச்சு.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பால்டர்ஸ் கேட் 3 நாலு பேர் குழுவாகப் போய்ச் சண்டை போடும் கம்ப்யூட்டர் கேம், 2023 ஆகஸ்டில் வந்தது. ஹானர் மோட் அதன் கடினமான ஆட்டமுறை, அந்த நவம்பர் கடைசியில் வந்து சேர்ந்தது. அதில் ஒரே ஒரு சேவ் ஃபைல்தான். தோற்றால் பழைய சேவ் ஃபைலை எடுத்து மறுபடி ஆட முடியாது. நாலு பேரும் விழுந்தால் கதை முடிந்தது. ஹானர் மோடை விட்டுக் கஸ்டம் மோடில் அங்கிருந்தே தொடரலாம், ஆனால் ஜெயித்தால் கிடைக்கும் அந்தத் தங்கப் பகடை கிடைக்காது. எனக்கு அந்தப் பகடை வேண்டும். எதற்கு என்று கேட்காதீர்கள்.

சரி, எங்கே செத்தோம்? சிலந்தி. பாழடைந்த கிராமத்துக்கு அடியில் இருக்கும் குகை, அங்கே ஒரு ராட்சசத் தாய்ச் சிலந்தி. நின்ற இடத்திலிருந்து மறைந்து இன்னொரு இடத்தில் வந்து நிற்பாள். சுற்றிலும் முட்டைகள், அதிலிருந்து குட்டிகளை எழுப்பிவிடுவாள். நான் கூட்டிக்கொண்டு போனது யாரை? நான் மாங்க், கையாலேயே அடிக்கிற துறவி. கூட ஃபைட்டர் லேஸெல், பார்பேரியன் கார்லக், கிளரிக் ஷேடோஹார்ட். அதாவது அடிக்க மூன்று பேர், மருந்து போட ஒருத்தி. "அடி வாங்க டேங்க் உண்டு, அடிக்க ஆள் உண்டு, மருந்து போட ஹீலர் உண்டு, பேலன்ஸ் ஆச்சு" என்று நினைத்தேன். எல்லா கேமிலும் அப்படித்தானே பழகியிருக்கிறோம்.

முதல் சுற்றிலேயே சிலந்தி மறைந்தாள், பின்னால் மேட்டில் நின்ற ஷேடோஹார்ட் பக்கத்தில் வந்து நின்றாள், கடித்தாள். அடுத்த கடியில் ஷேடோஹார்ட் தரையில். அவள் போட்டிருந்த பிளெஸ் மந்திரம் கவனம் கலைந்ததும் போய்விட்டது. அடி படுமா என்று கேம் பகடை உருட்டித்தான் முடிவு செய்யும், அதில் எல்லாருக்கும் ஒரு நாலு பக்கப் பகடை கூடிக்கொண்டிருந்ததே, அது போச்சு. மருந்தும் போச்சு. கீழே நிற்கும் மூன்று வீராதி வீரர்களும் மேலே நிற்கும் சிலந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கை எட்டவில்லை. கார்லக்கின் கையில் பெரிய கோடாலி, எறிய ஒரு ஈட்டிகூட நான் வாங்கித் தரவில்லை. ஒரே கம்பை நட்டுப் பந்தல் போட்டால் இப்படித்தான்.

நான் "செத்துட்டா! செத்துட்டா!" என்று கத்தியதில் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். "யாருடி செத்தது?" ஷேடோஹார்ட் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க முடியாது. செத்தால் தூக்க நாலு பேராவது வேண்டும் என்பார்கள். எனக்கு நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும்தான் கிடந்தார்கள், தூக்கத்தான் ஆளில்லை.

ஆங், இன்னொன்று. பையில் 14 மருந்துக் குப்பி இருந்தது. என்னைத் தெரிந்தவர்கள் இப்போது சிரிப்பீர்கள். "இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்" என்று சேர்க்கிற பிறவி நான். குடிக்க, ஒரு முறையில் முக்கிய வேலைக்கு மேல் கிடைக்கும் சின்ன வேலையான போனஸ் ஆக்‌ஷன் போதும், விழுந்தவர் மேல் எறிந்தால்கூட எழுந்துவிடுவார். 14 குப்பியோடு செத்தோம்.

இரண்டு நாள் கேமைத் தொடவில்லை. பிறகு ஒரு நோட்டை எடுத்து எழுதினேன். இதோ, பின்பக்கம் பால் கணக்கு, அதைப் பார்க்காதீர்கள். யார் என்ன வேலை செய்கிறார் என்று எழுதாமல், ஒருவர் விழுந்தால் அவர் வேலையை யார் செய்வார் என்று எழுதினேன். மருந்து என்ற இடத்தில் ஷேடோஹார்ட், அதற்கு எதிரே காலி. தூரத்திலிருந்து அடிப்பது, காலி. பூட்டு, காலி. பேச்சு, காலி, என் மாங்க் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டான். முன்னால் நிற்பது மட்டும் மூன்று பேர்! இதைத்தான் பேலன்ஸ் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதனால் புதுக் குழு. முதலில் நானே பார்ட். பாட்டுக்காரி. ஆமாம், முன்பு ஒரு வீடியோவில் "வீணையை வைத்துக்கொண்டு பூதத்தோடு சண்டையா" என்று கேலி செய்தது நான்தான், வாபஸ். பார்ட்டுக்கு ஹீலிங் வேர்ட் என்ற குணப்படுத்தும் மந்திரம் உண்டு. க்யூர் வூண்ட்ஸ் என்ற இன்னொரு மந்திரம் நிறையக் குணப்படுத்தும், ஆனால் பக்கத்தில் போய்த் தொட வேண்டும், முழு ஆக்‌ஷனும் போய்விடும். ஹீலிங் வேர்ட் கொஞ்சம்தான் தரும், ஆனால் 18 மீட்டர் தூரத்திலிருந்து, போனஸ் ஆக்‌ஷனில். இந்த கேமில் எதிரி அடிக்கிற அடிக்கு ஈடாக மருந்து போட்டு மாளாது. விழுந்தவரை எழுப்பினால் போதும், 1 புள்ளியோடு எழுந்தாலும் அவர் முறையில் முழு அடி அடிப்பார். முழுநேர ஹீலர் என்று ஒரு நாற்காலியே வேண்டாம், இரண்டு பேரிடம் ஹீலிங் வேர்ட் இருந்தால் சரி.

பார்ட் 3-ஆம் லெவலில் இரண்டு திறமைகளில் எக்ஸ்பர்டைஸ், அதாவது கூடுதல் தேர்ச்சி, எடுக்கலாம். ஒன்று பேச்சு, ஒன்று பூட்டுத் திறக்கும் கைவேலை. பின்னணியாகத் தெருப்பிள்ளை, அதுதான் அர்ச்சின், எடுத்தால் அந்தக் கைவேலை முதலிலேயே கிடைத்துவிடும். ஆக, பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரத் தோழன் அஸ்டாரியன் முகாமில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய ரசிகைகள் மன்னிக்க வேண்டும், எனக்கும் அவனைப் பிடிக்கும், ஆனால் நாலு நாற்காலியில் ஒன்றைப் பூட்டுத் திறக்கவே கொடுக்க முடியாது. அப்புறம் ஷார்ட் ரெஸ்ட், அதாவது குட்டி ஓய்வு. ஒரு நாளைக்கு இரண்டுதான், பார்ட் இருந்தால் பாட்டுப் பாடி மூன்றாவது ஒன்று. நல்ல ராத்தூக்கத்துக்கு இந்த மோடில் 80 சாப்பாட்டுப் புள்ளி கேட்கிறான், சாதாரண மோடில் 40தான். இப்போது புரிகிறதா நான் ஏன் வெங்காயம் பொறுக்குகிறேன் என்று?

அடுத்தது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கேல். ஆமாம், அதே கேல்தான். மந்திரப் பொருளைத் தின்கிறவன். முதல் ஆட்டத்தில் என் மோதிரத்தைக் கேட்டுத் தின்றதிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் தூரத்திலிருந்து கூட்டத்தையே எரிக்க மந்திரவாதியான விஸார்டைப் போல ஆள் இல்லை. 5-ஆம் லெவலில் ஃபயர்பால் வந்தால் எட்டு ஆறுபக்கப் பகடை அளவு அடி. வேண்டாவெறுப்பாகக் கூட்டிக்கொண்டேன். இந்த முறை தின்ன, எனக்குத் தேவையில்லாத ஒரு மந்திரத் தாயத்தைக் கொடுத்தேன்.

கார்லக் அப்படியே. அவள் இல்லாமல் நான் வீட்டைவிட்டே கிளம்பமாட்டேன். இந்த முறை 6 ஈட்டி வாங்கிக் கொடுத்தேன், எறியலாம். ஆக முன்னாலும் நிற்பாள், தூரத்துக்கும் ஆவாள்.

இப்போது ஷேடோஹார்ட். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவள் வரும்போதே வலிமை 13, வேகம் 13. இந்த விதிமுறையில் 12-க்கும் 13-க்கும் பகடையில் சேரும் கூடுதல் ஒன்றேதான், +1. 14-ஆனால் +2. அப்படியென்றால் அந்த 13 எதற்கு? கடையில் 13 ரூபாய் கொடுத்து 12 ரூபாய்ச் சாமான் வாங்கினால் சும்மா இருப்போமா? அதுவும் இரண்டு இடத்தில்! நானும் என் தம்பியும் இதைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். அவன் "அக்கா, அது கதாபாத்திரத்துக்காக வைத்தது" என்கிறான். கதாபாத்திரமாவது ஒன்றாவது.

மாற்றலாம். விதர்ஸ் என்கிற எலும்புக்கூட்டுத் தாத்தாவிடம் 100 தங்கம் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பிரித்துக் கொடுப்பார். அந்த 100 இருக்கிறதே, ஆட்டத்தின் தொடக்கத்தில் அது பெரிய காசு. 6 ஈட்டி வாங்கியபின் என்னிடம் இருந்தது 112. போட்டேன். வலிமை 8, வேகம் 14, உடல் 16, அறிவு 8, ஞானம் 17, வசீகரம் 10. கிளரிக்கின் உட்பிரிவும் ட்ரிக்கரியை விட்டு லைட் டொமெயின். யாராவது அவளை அடிக்க வந்தால் கண் கூசுகிற மாதிரி ஒளி அடிப்பாள், அடி தவற வாய்ப்பு அதிகம். பட்டனை அழுத்தி முடித்துப் பார்த்தால் கைடன்ஸ் எடுக்க மறந்திருக்கிறேன்! பேச்சு, பூட்டு எல்லாவற்றுக்கும் ஒரு நாலு பக்கப் பகடை கூடத் தருகிற மந்திரம், அது இல்லாமல் எப்படி? மறுபடி 100. கையில் 12 தங்கம். மீதிக்கு ஒரு பையன் தோல் கவசத்தை விற்றேன். அதாவது கொள்ளைக்காரப் பையனுடையது, அவன் அப்போது உயிரோடு இல்லை. எப்படியோ தேற்றிக் கொடுத்தேன். தாத்தா ஒரு தள்ளுபடி சொல்லக்கூடாதா?

அட, முக்கியமான ஒன்றைச் சொல்லாமலே வந்துவிட்டேன். யார் முதலில் அடிப்பது என்ற கணக்கு. இந்த கேமின் விதிகளுக்கு மூலமான, மேசையில் ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அதற்கு இருபது பக்கப் பகடை. இந்த கேமில் நாலு பக்கப் பகடைதான், அதோடு வேகத்தின் கூடுதல். ஆகவே வேகம் கொஞ்சம் கூடினாலே வரிசையில் மேலே போய்விடலாம். 13 மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால் இதனால்தான். 4-ஆம் லெவலில் என் பார்ட்டுக்கு அலர்ட் என்ற சிறப்புத் திறனை எடுத்தேன், இந்த வரிசைக் கணக்கில் +5. முதல் ஆளாக நான்தான்.

நேற்று இரவு மறுபடி சிலந்தி. முதலில் நான், பக்கத்திலிருந்த முட்டைகளை உடைத்துப் போட்டேன். தாய்ச் சிலந்தி வலைப்பாலத்தின் மேல் நிற்கிறாள். கேல் ஒரு ஃபயர் போல்ட், அவள் மேல் இல்லை, வலை மேல். வலை எரிந்தது, தொப்பென்று விழுந்தாள். விழுந்த அடியே நல்ல அடி. கீழே கார்லக் காத்துக்கொண்டு நிற்கிறாள். நான் நாற்காலியில் எழுந்து நின்றுவிட்டேன்.

உடனே என்ன நடந்தது தெரியுமா? சிலந்தி மறைந்து, போன தடவை போலவே, ஷேடோஹார்ட் பக்கத்தில். கடி, மறுபடி கடி. ஷேடோஹார்ட் தரையில். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. என் முறை வந்ததும் ஹீலிங் வேர்ட். ஒரு நாலு பக்கப் பகடை, கூட என்னுடைய 3. பகடையில் விழுந்தது 1. மொத்தம் 4. நாலே நாலு புள்ளி மக்களே, ஒரு தும்மலுக்குத் தாங்காது. ஆனால் எழுந்தாள்! கார்லக் ஈட்டி எறிந்தாள், அடுத்த சுற்றில் இன்னொன்று. கடைசி அடி கேலுடையது. அவனுடையதாகவா இருக்க வேண்டும்? இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மா தூக்கத்தில் "என்னடி சத்தம்" என்றார். யாரும் சாகவில்லை என்று சொன்னேன்.

வில் என்கிற இன்னொரு தோழன் எங்கே என்று கேட்பீர்கள். முகாமில் இருக்கிறான், நல்ல பையன், இடமில்லை. லேஸெல் கோபமாக இருக்கிறாள், எப்போதும் போல. இந்த ஆட்டத்தில் சேர்த்த குப்பிகள் இப்போது 11, நேற்று மூன்று குடித்தோம், பாருங்கள், திருந்திவிட்டேன்.

அடுத்து எலும்புத் தாத்தா. என் 200 தங்கம் இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது, அந்தப் பையில் கையை விட்டு எடுக்கலாம் என்பதும் தெரியும். என் பார்ட்டுக்கு இப்போது கைவேலையில் எக்ஸ்பர்டைஸ், ஷேடோஹார்ட்டிடம் கைடன்ஸ். இன்று ராத்திரி போகிறேன். பேட்டரி 4 சதவீதம் காட்டுகிறது, நாலுதான் இந்த வாரம் எனக்கு ராசி போலிருக்கிறது, வரட்டுமா மக்க—