முதல் மிக் வெல்டிங் இயந்திரம்: சுவர் ப்ளக்கிலிருந்து தொடங்குவோம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரங்களில் சொந்த லோரி வைத்துச் சரக்கு ஏற்றுகிறவர்களும், ஹைலக்ஸ், ட்ரைட்டன் போன்ற பிக்அப் வண்டிகளை வேலைக்கும் குடும்பப் பயணத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்களும் நம்மவரில் பலர். ஏணி வைக்க ஒரு சட்டம், பின்பக்கத்தில் ஒரு கருவிப்பெட்டி, துருப்பிடித்த தட்டுக்கு ஓர் ஒட்டு என்று ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் காத்திருப்பதைவிட, வயர் தானாக வந்து உருகிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங் இயந்திரம் ஒன்றை வீட்டுக்கே வாங்கி நாமே செய்துகொள்ளலாமே என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் கடைக்குப் போனதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை ஆம்பியர்?" என்பதாக இருக்கிறது. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: வீட்டுச் சுவரில் என்ன ப்ளக் இருக்கிறது, ஒட்டப்போகும் இரும்பின் கனம் என்ன என்பவையே அவை.

நம் வீடுகளுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரம் 230 வோல்ட். சுவரில் உள்ள சாதாரண மூன்று முள் ப்ளக் 13 ஆம்பியருக்கானது. அப்படியானால் அந்த வழியாக வரக்கூடிய மொத்தத் திறன் ஏறத்தாழ 3,000 வாட்தான். மிக் முறையில் 200 ஆம்பியரில் வேலை செய்யும்போது ஆர்க்கின், அதாவது வயருக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறியின், மின்னழுத்தம் 24 வோல்ட் அளவில் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 4,800 வாட். இயந்திரத்துக்குள் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், சுவரிலிருந்து 25 ஆம்பியராவது இழுத்தாக வேண்டும். ஆகவே 13 ஆம்பியர் ப்ளக்கோடு விற்கப்படும் ஓர் இயந்திரத்தின் பெட்டியில் 200 என்றோ 250 என்றோ பெரிதாக அச்சிட்டிருந்தால், அந்த ப்ளக்கில் அந்த எண் உங்களுக்குக் கிடைக்காது. நடைமுறையில் 100 ஆம்பியரை ஒட்டிக் கிடைக்கும். அதற்கு மேல் திருப்பினால் ப்ளக் சூடேறும், ஃபியூஸ் போகும்.

100 ஆம்பியர் எதற்குப் போதும்? மெல்லிய மென் இரும்புத் தகட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பிக்அப் வண்டியின் உடல் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சட்டங்களுக்கு நாம் வாங்கும் சதுர ஹாலோ, அதாவது உள்ளே வெற்றான சதுரக் குழாயின் சுவர், பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இவற்றில் பெரும்பகுதியை ஒரு சிறிய இயந்திரமே நன்றாகச் செய்துவிடும். இழுவைக் கொக்கிக்கான தாங்கி, பம்பரின் பிடிப்புத் தகடு போன்ற ஆறு மில்லிமீட்டர் வேலைகள் வரும்போதுதான் 200 ஆம்பியரின் தேவை எழுகிறது. அப்போது இயந்திரத்தோடு சேர்த்து வீட்டு வயரிங்கையும் பார்க்க வேண்டும்: பதிவுபெற்ற ஒயர்மேன் ஒருவரை அழைத்து, விநியோகப் பெட்டியிலிருந்து தனி பிரேக்கரோடு 32 ஆம்பியர் இணைப்பு ஒன்றை கார் போர்ச்சுக்கு இழுக்கச் சொல்லுங்கள். நீட்டிப்பு வயரைச் சுருளோடு வைத்துக்கொண்டு வெல்டிங் செய்வது, அந்தச் சுருளையே உருக்கிவிடக்கூடிய செயல்.

கனத்தைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. ராடு வெல்டிங்கில் மின்னோட்டம் குறைந்தால் ராடு ஒட்டிக்கொண்டு உங்களை எச்சரித்துவிடும். மிக் அப்படி எச்சரிக்காது. வயர் தானாக வந்துகொண்டே இருக்கும், உருகிய உலோகம் தடித்த தகட்டின்மேல் சீராகப் படியும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அடியில் உள்ள இரும்பு உருகியே இருக்காது. புதியவர்களின் வேலையில் மிக ஆபத்தான குறை இதுதான், ஏனெனில் கண்ணுக்கு அது தெரிவதில்லை. 

எனவே வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை கேளுங்கள். நீங்கள் செய்யப்போகும் வேலையின் கனத்திலேயே இரண்டு துண்டுகளைக் கொண்டுபோய், ஒன்றின்மேல் மற்றொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஆறிய பிறகு, நிற்கும் துண்டை பற்றவைத்த பக்கமாகவே சுத்தியலால் மடக்குங்கள். நன்கு ஊடுருவிய வெல்டிங் இரும்போடு சேர்ந்து வளையும், அல்லது கிழிந்தாலும் சொரசொரப்பான முறிவைக் காட்டும். ஊடுருவாத வெல்டிங் முழுசாக உரிந்து வரும்; அதன் அடியில் தகட்டின் பழைய சாம்பல் நிறத் தோலும், கிரைண்டர் இழுத்த கோடுகளும் அழியாமல் அப்படியே தெரியும். ஒரு முறை அதைக் கண்ணால் கண்டவர் பிறகு பெட்டியில் உள்ள எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சோதிக்க விடாத கடையில் இயந்திரத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டையாவது வாசியுங்கள். அதில் 'எக்ஸ்' என்ற எழுத்தின் வரிசையில் சதவீதங்களும், 'ஐ2' வரிசையில் ஆம்பியர்களும் இருக்கும். 'எக்ஸ்' என்பது பத்து நிமிடத்தில் எத்தனை பங்கு நேரம் அந்த மின்னோட்டத்தில் ஓடலாம் என்பதைக் காட்டும். 60 சதவீதம் என்றால் ஆறு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் ஆற வேண்டும். 'ஐ1 மேக்ஸ்' என்பது சுவரிலிருந்து இழுக்கும் உச்ச மின்னோட்டம். இந்த அளவுகள் 40 டிகிரி வெப்பத்தில் எடுக்கப்பட்டவையா என்றும் பாருங்கள். குளிர்ந்த அறை வெப்பத்தில் அளந்து எழுதிய எண் நம் ஊர் மதிய நேரத்துக்குப் பொருந்தாது. ஆயினும் என் கருத்தில், வீட்டு வேலைக்கு இந்தச் சதவீதம் விற்பனையாளர்கள் சொல்லும் அளவுக்கு முக்கியமில்லை. ஒரு சட்டத்தை அளந்து, பிடித்து, இரண்டு அங்குலம் பற்றவைத்து, மறுபடி அளக்கும் வேலையில் இயந்திரம் ஓய்ந்திருக்கும் நேரமே அதிகம். அந்தத் தகடு முழுமையாகவும் தெளிவாகவும் இருக்கிறதா என்பதைத் தயாரிப்பாளரின் நேர்மைக்கு ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, உருகும் உலோகத்தைக் காற்று படாமல் காக்கும் வாயு. வாயு இல்லாமலேயே, உள்ளே காப்புப் பொடி அடைத்த ஃபிளக்ஸ் வயரால் வேலை செய்யும் இயந்திரங்கள் விலை மலிவு, காற்று வீசும் வெளியிடத்துக்கும் ஏற்றவை. ஆனால் தெறிப்பு அதிகம், கசடைத் தட்டி எடுக்க வேண்டும், மெல்லிய உடல் தகட்டில் ஓட்டை விழுந்துவிடும். பிக்அப் தட்டுக்கு ஒட்டுப் போடுவது உங்கள் நோக்கமானால், வாயுவோடு ஓடக்கூடிய இயந்திரத்தையே வாங்குங்கள். சாதாரண வயர் பெரும்பாலும் டார்ச்சுக்கு (கையில் பிடிக்கும் துப்பாக்கி போன்ற பாகத்துக்கு) நேர்முனையிலும், வாயுவில்லா ஃபிளக்ஸ் வயர் எதிர்முனையிலும் ஓடுவதால், முனைகளை மாற்றிப் பொருத்தும் வசதி உள்ளே இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்க வேண்டும். சில மலிவு இயந்திரங்களில் அது கிடையாது.

தனி கார்பன் டை ஆக்ஸைடு மலிவாகக் கிடைக்கும், நன்றாக ஊடுருவும், ஆனால் தெறிக்கும். ஆர்கானில் 20 சதவீத அளவு கார்பன் டை ஆக்ஸைடு கலந்த வாயு, மெல்லிய தகட்டில் அமைதியாக ஓடும். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், அது தீரும் தறுவாய் வரை அழுத்தமானி இறங்காது. எடை போட்டுத்தான் மிச்சத்தை அறிய முடியும். நிமிடத்துக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் ஓட்டம் போதும். நம் ஊர் வெயிலில் கார் போர்ச்சில் மேசை விசிறியைத் தம்மை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் காற்று வாயுப் போர்வையைக் கலைத்து, வெல்டிங்கைப் பஞ்சுபோல ஓட்டைகள் நிறைந்ததாக்கிவிடும். விசிறி முதுகுப்புறமும் இல்லாமல், புகையை மட்டும் பக்கவாட்டில் இழுக்கும் இடத்தில் இருக்கட்டும்.

வயர், 'ஈஆர் 70எஸ்-6' என்ற வகை; பிக்அப் வேலைக்கு 0.8 மில்லிமீட்டர் தடிமன் பொருத்தமானது. கடலோரக் காற்றில் அது இரண்டு மூன்று வாரத்திலேயே துருவேறத் தொடங்கலாம், துருவேறிய வயர், டார்ச்சுக்குள் அது ஓடும் குழாயான லைனரை அடைக்கும். ஆகவே வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் இறுக்கி வையுங்கள். டார்ச் கழற்றி மாட்டக்கூடிய யூரோ இணைப்பு கொண்டதாக இருந்தால் முனைகளும் மூக்குகளும் பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தின் எந்த வெல்டிங் கடையிலும் சுலபமாகக் கிடைக்கும். நிரந்தரமாகப் பிணைத்த டார்ச் உடைந்தால் இயந்திரமே மூலைக்குப் போய்விடும்.

நான் ஒருவருக்குச் சொல்வதானால், தனி 32 ஆம்பியர் இணைப்புக்கு வசதியிருப்பவர் 200 ஆம்பியர் அளவிலான இன்வெர்ட்டர் மிக் (மின்னணு முறையில் இயங்கும் எடை குறைந்த வகை) ஒன்றை, ராடும் ஓட்டக்கூடியதாக, யூரோ டார்ச்சோடு வாங்கலாம். வசதியில்லாதவர் சிறியதை வாங்கி இரண்டரை மில்லிமீட்டருக்குள் நின்றுகொள்ளலாம். தலைக்கவசத்துக்கும் கையுறைக்கும் தனியே பணம் ஒதுக்குங்கள். தானாகக் கறுக்கும் கண்ணாடியின் கறுப்பளவு 10 அல்லது 11 எண் வரை போக வேண்டும்.

லோரியின் சட்டத்தில், அதாவது சேசியில், கை வைக்க வேண்டாம் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். பல லோரிகளின் நீளச் சட்டங்கள் உயர் இழுவலிமை எஃகால் ஆனவை. வெல்டிங் வெப்பம் அந்த வலிமையைக் குலைத்துவிடும் என்பதால், அவற்றின் மேல், கீழ் விளிம்புகளில் பற்றவைப்பதைத் தயாரிப்பாளர்களே தடுக்கிறார்கள். வண்டியின் அமைப்பை மாற்றும் வேலைகளுக்கு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வேண்டும். வீட்டு இயந்திரத்தின் எல்லை, போல்ட்டால் பூட்டப்படும் துணைப் பாகங்களும், உடல் தகடும் ஆகும்.

ஜிஐ ஹாலோவாக இருந்தால் பற்றவைக்கும் இடத்திலிருந்து நாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். அந்த வெண்புகை அன்றிரவே காய்ச்சலைத் தரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பை ஒருபோதும் பற்றவைக்காதீர்கள், அதிலிருந்து எழும் வாயு நுரையீரலைக் கெடுக்கும். வண்டியில் நேரடியாகப் பற்றவைக்கும்போது முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, அருகே எரிபொருள் குழாய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, வண்ணம் சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்னோட்டம் சக்கர பேரிங் வழியாகவும் மின்னணுப் பெட்டி வழியாகவும் பாதை தேடும்.

நன்றி, வணக்கம்.